யாரைப் பைத்தியம் என்கிறோம்?

(சித்தூரில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டம் என்றால் கூலி, போனஸ், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று மனநலத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. ஒரு தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்த வேண்டுமானால் நோட்டீஸ் வேண்டும், விசாரணை வேண்டும். ஆனால் "அவன் பைத்தியம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் எதுவுமே வேண்டியதில்லை. பள்ளிக்கூடமும் அவனை அனுப்பிவிடும், சொந்தக்காரனும் ஒதுக்கிவிடுவான், கட்டிய மனைவியைக்கூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இவ்வளவு வேலை செய்யும் சொல்லைப் பற்றி உழைக்கும் மக்களின் சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவது?

நாங்கள் டாக்டர்கள் அல்ல. மெட்ரிக்கோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர்கள். ஆனால் ரேணிகுண்டாவிலும் திருப்பதியிலும் பாகாலாவிலும் பிளாட்பாரத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கும் மனிதர்களைத் தினமும் பார்க்கிறோம். நம் குடும்பங்களிலும் பார்க்கிறோம். பார்த்ததையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. இவன் சரியானவன், இவன் சரியில்லாதவன் என்று தீர்மானிப்பது யார்?

1851ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் ஒரு புது மனநோயைக் 'கண்டுபிடித்தார்'. அடிமைகளாக வைத்திருந்த கறுப்பு மக்கள் எஜமானனை விட்டுத் தப்பி ஓடுகிறார்கள் அல்லவா? அது ஒரு மனநோயாம்! 'டிராப்டோமேனியா' என்று அதற்குப் பெயரும் வைத்தார். வைத்தியத்தில் சாட்டையடியும் உண்டு. விலங்கை உடைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு நோயாம், விலங்கு பூட்டியவனுக்கு நோய் இல்லையாம்! இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. அன்று அதை மருத்துவப் பத்திரிகையில் அச்சிட்டார்கள்.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். ஆண் ஆணையோ பெண் பெண்ணையோ விரும்புவதை மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அதை நீக்கியது 1973இல்தான். உலக சுகாதார அமைப்பு நீக்கியது 1990இல். அதுவரை அந்த மனிதர்கள் எல்லோரும் நோயாளிகள், பட்டியல் மாறிய மறுநாள் நோயில்லாதவர்கள். அவர்கள் மாறவில்லை, பட்டியல்தான் மாறியது.

இதை நம் நாட்டுச் சட்டமே இன்று ஒப்புக்கொள்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவை ஒவ்வொரு சங்க ஊழியரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, இனத்தையோ, மதத்தையோ வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது. ஊரில் நிலவும் ஒழுக்க, சமூக, கலாசார, வேலை, அரசியல் மதிப்புகளுக்கும் மத நம்பிக்கைகளுக்கும் அவர் ஒத்துப்போகவில்லை என்பதற்காகவும் அப்படித் தீர்மானிக்கக் கூடாது. எப்போதோ ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்றைக்கு அவரை நோயாளி ஆக்கிவிடாது. இது சட்டம், தோழர்களே! 'வேலை மதிப்புகள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மேஸ்திரி சொன்ன வேகத்துக்கு ஓடவில்லை என்பதால் ஒருவனைக் கிறுக்கன் என்று எழுதிவிட முடியாது.

இனி ஆட்டிசம் என்பதற்கு வருவோம். நம் குடும்பங்களில் இந்தச் சொல் இப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருக்கிறது. ஆட்டிசம் ஒட்டுவாரொட்டி நோய் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. பிறவியிலேயே மூளை வேறுவிதமாக வளர்வது. பேச்சு தாமதமாக வரலாம், சிலருக்கு வராமலே போகலாம். முகம் பார்த்துப் பேசுவது சிரமம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வார்கள், ஜாடைப் பேச்சு புரியாது. அன்றாட ஒழுங்கு கலைந்தால் தாங்க மாட்டார்கள். சத்தம், வெளிச்சம், தொடுதல் ஆகியவை நமக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு பெரிதாக அவர்களுக்குத் தெரியலாம். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படியானால் நம் சங்கக் குடும்பங்களில் இல்லாமல் இருக்குமா? பெயர் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். சோம்பேறி, திமிர் பிடித்தவள், மந்தம், ஊமை என்று வேறு பெயர்களில் இருக்கிறது.

ஓர் உதாரணம். மாம்பழ சீசனில் சித்தூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளில் நம் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அப்படிப் போன ஒரு பெண், மெஷின் சத்தம் ஏறும்போதெல்லாம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். கை வேலையில் யாருக்கும் குறைந்தவள் அல்ல, பழம் பிரிப்பதில் ஒரு தப்பு வராது. "நடிக்கிறாள்" என்றார் சூப்பர்வைசர். "புருஷன் வீட்டுக்கு லாயக்கில்லை" என்றார்கள் உறவுக்காரர்கள். பத்தே நாளில் கூலியைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது காதுக்கு ஒரு பஞ்சும், சத்தம் குறைந்த பக்கத்தில் ஓர் இடமும்! ஆயிரக்கணக்கில் மருந்துச் செலவா கேட்டாள்?

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஆட்டிசத்தை 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் விவரித்து எழுதினார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பெரிய பெரிய மேதைகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தாய்க்குப் பிள்ளைமேல் பாசம் இல்லை, ஐஸ் பெட்டி மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறாள், அதனால்தான் பிள்ளை இப்படி ஆனது என்றார்கள். இதை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். 1964இல் ஒரு புத்தகம் எழுதி, இது தாயின் குற்றமல்ல, உடற்கூறு சம்பந்தப்பட்டது என்று வாதாடினார். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆராய்ச்சி, மரபணுவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டியது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் கிளம்பிய கட்டுரையும் பொய்யென்று தெரிந்து, அச்சிட்ட பத்திரிகையே 2010இல் அதை வாபஸ் வாங்கிவிட்டது.

அங்கே மேதைகள் செய்ததை இங்கே நாத்தனாரும் மாமியாரும் செய்கிறார்கள். "நீ வயிற்றில் இருக்கும்போது கிரகணம் பார்த்தாய்", "நீ வேலைக்குப் போனதால் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை" என்று குத்துகிறார்கள். இனிமேல் யாராவது அப்படிச் சொன்னால், அந்தப் பழி 1964லேயே தகர்ந்துபோயிற்று என்று சொல்லுங்கள்.

ஆட்டிசம் உள்ளவர் பிறருக்கு வைத்தியம் சொல்ல முடியுமா? முடியும். வென் லாசன் என்று ஒருவர் இருக்கிறார். 1952இல் பிரிட்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்கிறவர். சிறு வயதில் அவரைப் புத்தி வளராத பிள்ளை என்றார்கள். பதின்வயதில் மனச்சிதைவு நோய் என்றார்கள். அந்த முத்திரையோடும் அதற்கான மருந்தோடும் சுமார் 25 வருஷம் கழிந்தது. 1994இல், அவருக்கு 42 வயதானபோதுதான், இது ஆட்டிசம் என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள். 'புத்தி வளராத பிள்ளை' என்று தள்ளப்பட்ட அவர் படித்து, சமூகப் பணியாளராகவும் உளவியலாளராகவும் ஆனார். தம்மைப் போன்றவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் வழிகாட்டுகிறார், புத்தகங்கள் எழுதுகிறார். 25 வருஷம் ஒரு மனிதரைப் பார்த்து எழுதிய சீட்டுகளில் எங்கே தவறு? அவருடைய நடத்தை ஊர் வழக்கப்படி இல்லை என்பதைப் பார்த்தார்கள். அவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை.

பிரிட்டனில் டேமியன் மில்டன் என்று ஒரு சமூகவியலாளர். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. 2012இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவனுக்குப் பிறர் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு அவன் மனம் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது, ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் நோய் என்று பெயர்? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

இந்தக் கேள்வி பெரிய படிப்பாளிகளுக்குப் புதிதாக இருக்கலாம். சித்தூர், திருப்பதித் தமிழனுக்குப் புதிதல்ல. தமிழ் மட்டுமே தெரிந்த நம் வீட்டுப் பிள்ளை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காருகிறான். வாத்தியார் கேட்பது அவனுக்குப் புரியவில்லை, அவன் சொல்வது வாத்தியாருக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்கும்தான் புரியவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் 'மந்தம்' என்று எழுதுவது யாரை? பையனைத்தானே! வாத்தியார் கெட்டவர் அல்ல. தெலுங்கு மக்களும் நம்மைப் போல உழைக்கும் மக்கள்தான். எண்ணிக்கையில் பெரிய பக்கத்தின் வழக்கம் 'இயல்பு' என்று பெயர் பெறுகிறது, சிறிய பக்கத்தின் வழக்கம் 'குறை' என்று பெயர் பெறுகிறது. தமிழனுக்கு நேர்ந்தால் அநியாயம் என்று கொதிக்கிற நாம், நம் தெருவில் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு நேர்ந்தால் சிரிக்கலாமா?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் காதில் ஒரு கதையைச் சொல்லி, அவர் அடுத்தவரிடம் சொல்லி, வரிசையாகக் கடத்தும் விளையாட்டு நமக்குத் தெரியும். எடின்பரோவில் நடந்து 2020இல் வெளியான ஆராய்ச்சியில், ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, இல்லாதவர்கள் வரிசைக்குச் சமமாகவே கதையைக் கடத்தியது. கலந்து நிறுத்தியபோதுதான் அதிகம் சிதைந்தது. 2025இல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்தபோது மூன்று வரிசைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும், இவர்களுக்குப் பேச்சைக் கடத்தவே தெரியாது என்ற பழி நிற்கவில்லை.

தோழர்களே, ஒரு விஷயத்தில் குழப்பம் வரக்கூடாது. எல்லாமே சமுதாயத்தின் கற்பனை, மனநோய் என்று ஒன்று கிடையாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆட்டிசம் நோயல்ல, அது ஓர் இயல்பு. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு முதலியவை உண்மையான நோய்கள். அவற்றுக்கு மருந்து உண்டு, மருந்தால் குணமடைந்து வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் டாக்டர் எழுதிய மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். ஆட்டிசம் உள்ளவருக்கும் மனச்சோர்வு வரும். ஊருக்குப் பயந்து நாள் முழுவதும் தன் இயல்பை மறைத்து நடித்தால் யாருக்குத்தான் வராது? வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு, ஆபீசர் முன்னால் இங்கிலீஷ் என்று மாற்றி மாற்றிப் பேசிவிட்டு ராத்திரி வீடு வரும்போது நமக்கே வாய் திறக்கத் தோன்றுவதில்லை. உடம்பாலும் முகத்தாலும் ஒவ்வொரு நிமிஷமும் அப்படி மொழிபெயர்க்கிறவனின் களைப்பை நினைத்துப் பாருங்கள்.

அதேபோல எல்லாத் துன்பத்துக்கும் மாத்திரைதான் என்று தள்ளுவதும் தப்பு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் மரம் வெட்டப் போன 20 தமிழ்த் தொழிலாளர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படி ஒரு வீட்டில் தூக்கம் போனால், அந்தத் தாய்க்கு மாத்திரையும் தேவைப்படலாம், நியாயமும் தேவை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறக்கச் செய்யக் கூடாது.

நோயின் அளவையும் சொல்லிவிடுகிறோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 100க்கு 10.6 பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. நோய்க்கு ஏற்ப 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை கிடைக்காமல் இருந்தார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள்? மந்திரவாதியிடமும், வட்டிக்காரனிடமும்தான். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தவர்கள் தீயில் சிக்கினார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்கள் அல்ல, வேறு வழி தெரியாத பெற்றோரும் உடன்பிறந்தவர்களும்தான். இன்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. கோயில் வாசலோ, தர்காவோ, சொந்த வீடோ, எங்கும் கூடாது. சாமியைக் கும்பிடுங்கள், வேண்டுதல் வையுங்கள், அதை நாங்கள் தடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு டாக்டரிடமும் போங்கள்.

டாக்டரிடம் போவது என்றால் பிள்ளையை எங்கோ அடைத்துவிட்டு வருவது என்று பயப்படுகிறீர்கள். நமக்குப் பக்கத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி டவுன் பஸ் ஏறினால் வேலூர் பாகாயம். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்த முன்னோடி நிலையங்களில் அது ஒன்று. திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனநலச் சிகிச்சை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும். 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது.

இங்கே மொழிப் பிரச்சினை வருகிறது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனத்துக்குப் பேச்சுதான் பரிசோதனை. "நெஞ்சு அடைக்குது", "மனசு ஒரு நிலையில நிக்கல" என்று ஒரு தமிழ்த் தாய் சொல்வதைத் தெலுங்கு டாக்டர் எப்படி எழுதிக்கொள்வார்? தப்பாகப் புரிந்துகொண்டால் தப்பான மருந்து, தப்பான முத்திரை. ஆகவே இரண்டு மொழியும் தெரிந்த நம் சங்கத் தோழர்கள், ஆண் ஒருவர், பெண் ஒருவர், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே கேட்டதை வெளியே பேசாத வாய் உள்ளவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலை சர்டிபிகேட். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, மனநோயும் உண்டு. 'சதரம்' முகாமில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று பெற்றால், ஆந்திர அரசின் பென்ஷன் தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 6000 ரூபாய் என்று 2024இல் உயர்த்தப்பட்டிருக்கிறது. மண்டல அளவில் உள்ள 'பவிதா' மையங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி உண்டு. அரசு வேலைக் காலியிடங்களில் ஆட்டிசம், மனநோய் உள்ளிட்ட பிரிவினருக்கு ஒரு சதவீதம் ஒதுக்கீடு உண்டு. "சர்டிபிகேட் வாங்கினால் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகாது" என்று மறைக்கிறீர்கள். மறைப்பதால் கல்யாணம் நடக்கலாம், அந்தப் பிள்ளையின் சோறு போய்விடுகிறது.

மூன்றாவது, வேலைப் பாதுகாப்பு. ரயில்வேயில் கண் பார்வை குறைந்துபோன லோகோ பைலட்டை வீட்டுக்கு அனுப்புவதில்லை, மாற்று வேலை தருகிறார்கள். மனத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில், 2021 டிசம்பர் 17இல் சுப்ரீம் கோர்ட், மனநலக் குறைபாடு உள்ளவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாட்டின் ஒரு வடிவம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த 20ஆம் பிரிவு அரசு நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. மாம்பழக்கூழ் ஆலையில் தினக்கூலிக்குப் போன நம் பெண்ணுக்கு அது கைகொடுக்கவில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு கான்டிராக்ட் தொழிலாளிக்கும் சீசன் தொழிலாளிக்கும் வேண்டும் என்பதை நமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நான்காவது, வீதியில் அலைகிறவர்கள். திருப்பதிக்கு நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். வழி தவறியோ கைவிடப்பட்டோ நிற்கிறவரில் தமிழ் பேசுகிறவரும் உண்டு, ஒடியா பேசுகிறவரும் உண்டு. தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் அலையும் மனநோயாளியைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100ஆம் பிரிவு. ஸ்டேஷனில் வேலை செய்கிற நாங்கள் இதை நினைவூட்டுவோம். ஆட்டோ ஓட்டும் தோழர்களும் கடை வைத்திருப்பவர்களும் நினைவூட்டுங்கள். பேசும் மொழி தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் வீடு கிடைக்கலாம்.

கடைசியாக, காசே செலவில்லாத ஒரு வேலை. 'பைத்தியம்', 'லூசு', 'மெண்டல்' என்ற சொற்களை நம் வீடுகளிலும் நம் மேடைகளிலும் நிறுத்துவோம். எதிர்க்கட்சிக்காரனைத் திட்டக்கூட அந்தச் சொற்கள் வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்து வைக்கிறோம். பின்பக்கம் ஓர் அறையை அமைதியாக விட்டு வைக்கிறோம். பிள்ளை எழுந்து நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். பெயர் கொடுக்க விரும்பும் குடும்பங்கள் கூட்டம் முடிந்ததும் நம் மகளிர் பிரிவு அக்காக்களிடம் சொல்லுங்கள். வருகிற வாரம் ரூயாவுக்குக் கூட வர இரண்டு தோழர்கள் இப்போதே தயாராக இருக்கிறார்கள்.